ஜெபம் பண்ணியாச்சு, அப்புறம்? அன்றாட முடிவுகளைக் கர்த்தரை நம்பி எடுப்பது எப்படி

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் புதிதாகச் சபைக்கு வந்தவர்கள் மெதுவாகப் பக்கத்தில் வருவார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "அண்ணே, ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பிளாட் வந்திருக்கு. வாங்கலாமா வேணாமான்னு கர்த்தர்கிட்ட எப்படிக் கேக்குறது?" பிளாட்டுக்குப் பதில் சில நேரம் மகளுக்கு வந்த வரனாக இருக்கும், சில நேரம் திருப்பூரில் கிடைத்த வேலையாக இருக்கும்.

இப்படிக் கேட்பதில் ஆச்சரியமில்லை. நேற்றுவரை வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. நல்ல நேரம், ராகு காலம், சூலம் எல்லாம் அதிலேயே இருந்தது. பெரிய காரியம் என்றால் ஜாதகம் பார்த்தார்கள். இல்லாவிட்டால் குலதெய்வக் கோயிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு, எது வருகிறது என்று பார்த்தார்கள். இப்போது அதையெல்லாம் விட்டாயிற்று. ஆனால் கேட்கும் பழக்கம் போகவில்லை. கவனிக்காமல் விட்டால் வேதாகமமே பூப்பொட்டலம் ஆகிவிடும். கண்ணை மூடிக்கொண்டு திறப்பது, விரல் பட்ட வசனத்தில் "போ" என்று இருந்தால் போவது.

அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கர்த்தர் எல்லாவற்றையும் ஆளுகிறார் என்று நம்புகிறவர்களுக்கு, அவருடைய மறைவான திட்டத்தை முன்கூட்டியே கண்டுபிடித்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. தெரியாமலே முடிவெடுக்கலாம், எடுத்துவிட்டுத் தூங்கவும் செய்யலாம்.

நம்புவது எதை

"மனுஷனுடைய இருதயம் அவன் வழியை யோசிக்கும், அவனுடைய நடைகளை உறுதிப்படுத்துகிறவரோ கர்த்தர்" என்கிறது நீதிமொழிகள் 16:9. யோசிக்கிற வேலை நம்முடையது என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. ரூத் கதிர் பொறுக்கப் போன வயல் "தற்செயலாய்" போவாசுடையதாக இருந்தது என்று வேதம் சொல்கிறது. அவளுக்கு அது தற்செயல்தான். எந்தச் சத்தமும் கேட்கவில்லை, வீட்டில் சாப்பாட்டுக்கு வழியில்லை, மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு அந்தப் போவாசே அவளை மணந்தார். தாவீது ராஜாவின் வம்சம் அந்த வயலில் இருந்துதான் வருகிறது.

1563-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரத்தில் எழுதப்பட்ட வினாவிடை ஒன்று, மழையும் வறட்சியும், விளைச்சலும் பொய்த்துப்போன வருஷமும், ஆரோக்கியமும் நோயும் ஏதோ அதிர்ஷ்டத்தால் வருவதில்லை, தகப்பனுடைய கையிலிருந்து வருகின்றன என்று கற்பிக்கிறது. மேலூர்ப் பக்கம் பெரியாறு கால்வாய்த் தண்ணீரை நம்பி நாற்று விடுகிறவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. அந்த வினாவிடையில் எனக்கு முக்கியமாகப் படுவது "தகப்பன்". தலையெழுத்து என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறோமே, அங்கே பேசிப் பார்க்க யாரும் இல்லை. இங்கே பேசலாம், அழலாம், கெஞ்சலாம்.

"எல்லாம் அவர் நடத்துவார் என்றால் நான் எதற்கு மெனக்கெட வேண்டும்?" என்று அடுத்த கேள்வி வரும். அப்போஸ்தலர் 27-ம் அதிகாரத்தை ஒருமுறை உட்கார்ந்து வாசியுங்கள். ரோமாபுரிக்குப் போகிற கப்பல், உள்ளே 276 பேர், பதினான்கு நாளாகப் புயல். ஒருவர் உயிரும் போகாது என்று தேவதூதன் பவுலிடம் சொல்லிவிட்டான். வாக்கு கொடுத்தாயிற்று, இனி என்ன? ஆனால் மாலுமிகள் நங்கூரம் போடுகிறதுபோல் பாவனை செய்து படகை இறக்கித் தப்பிக்கப் பார்த்தபோது பவுல் சும்மா இருக்கவில்லை. இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொல்கிறார். சேவகர்கள் கயிற்றை அறுத்துப் படகை விழவிடுகிறார்கள். அப்புறம் எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார். கோதுமையைக் கடலில் கொட்டிக் கப்பல் பாரத்தைக் குறைக்கிறார்கள். கடைசியில் நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டும் கரைசேர்கிறார்கள். வாக்கு நிறைவேறியது இப்படித்தான்: கயிறு அறுத்து, சோறு தின்று, பலகையைப் பிடித்து.

சாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 வருஷம் ஆயுசு என்று கர்த்தரே சொன்ன பிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் புண்ணின்மேல் போடவைத்தார். ஆகவே மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசம் இருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஹெல்மெட்டும் அப்படித்தான்.

தேவனுடைய ஆளுகைக்குள் மனுஷனுடைய சுயாதீனம் எவ்வளவு என்பதில் சபைக்குச் சபை போதனை வேறுபடும். நூற்றாண்டுகளாக நடக்கிற வாக்குவாதம் அது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டிய வேலை விஷயத்துக்கு அதைத் தீர்க்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஏற்கெனவே சொன்னதைத் தனியே எடுத்து வையுங்கள்

"மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்" என்று உபாகமம் 29:29 ஆரம்பிக்கிறது. வெளிப்படுத்தப்பட்டவை நமக்கு உரியவை என்று அதே வசனம் தொடர்கிறது. முடிவெடுக்க உட்காரும்போது முதல் வேலை இதுதான்: இதில் கர்த்தர் ஏற்கெனவே சொல்லிவிட்டது என்ன?

லஞ்சம் கொடுத்துக் காரியத்தை முடிக்கலாமா என்று ஜெபிக்க வேண்டாம். கையில் இருக்கிற பணத்தை மீட்டர் வட்டிக்கு விடலாமா என்று கேட்க வேண்டாம்; அதைத் தடுக்க நம் மாநிலத்தில் 2003-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள், வேதம் அதற்கு எத்தனையோ காலம் முந்தியே சொல்லிவிட்டது. வேலைக்குச் சேர்ந்தால் கள்ளக் கணக்கு எழுத வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால், சம்பளம் எவ்வளவு என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை.

கல்யாண விஷயத்தில்தான் நம் ஆட்கள் அதிகமாக வழுக்குகிறார்கள். ஒரு விதவை மறுமணம் செய்வதைப் பற்றிப் பவுல் எழுதும்போது, தனக்கு இஷ்டமானவரை மணந்துகொள்ளலாம், ஆனால் கர்த்தருக்குட்பட்டவராக இருக்க வேண்டும் என்கிறார். நிபந்தனை ஒன்று, மற்றதில் சுதந்திரம். நாமோ அதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். நல்ல விசுவாசிப் பையன் வருவான், குணம் பிடிக்கும், படிப்பு பிடிக்கும், ஊர் எது, யார் வகையறா என்று விசாரித்த பிறகு "ஜெபிச்சுப் பாத்தோம், தேவசித்தம் இல்ல" என்று பதில் போகும். அது தேவசித்தமா, சாதியா என்பது சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும். "எல்லாம் கர்த்தர் நடத்துவார்" என்று தொடங்குகிற பேச்சு எத்தனை பவுன் என்பதில் வந்து முடிவதும் இந்த ரகம்தான். வரதட்சணை 1961-லிருந்து சட்டப்படி குற்றம். அதற்கு ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பம் வைக்க வேண்டாம்.

இந்தச் சல்லடையில் பாதிக் கேள்விகள் விழுந்துவிடும். மீதி எல்லாம் நீதி நியாயத்துக்கு உட்பட்ட, இரண்டும் சரி என்கிற ரகம்: இந்த வேலையா அந்த வேலையா, நரிமேட்டில் வாடகை வீடா பழங்காநத்தத்தில் வாடகை வீடா. சின்ன விஷயங்களை அங்கேயே முடித்துவிடுங்கள். எந்தப் பஸ், எந்தப் புடவை, மதியம் என்ன குழம்பு என்பதற்கெல்லாம் அடையாளம் கேட்கிற பழக்கம் பக்தியைவிடப் பயத்தையே வளர்க்கும்.

விசாரியுங்கள், விசாரிப்பதும் நம்பிக்கைதான்

அந்த ஒத்தக்கடைப் பிளாட்டுக்கு வருவோம். எருசலேமின் அலங்கத்தைக் கட்டும்போது நெகேமியா ஜெபம்பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார். ஒரே வசனத்தில் இரண்டும் இருக்கிறது. பிளாட் விஷயத்தில் காவல் வைப்பது என்றால் பத்திரம் பார்ப்பது.

வில்லங்கச் சான்றை முதலில் பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்திலேயே காசில்லாமல் பார்க்கலாம். முப்பது வருஷத்துக்காவது பார்ப்பது வழக்கம். கணினியில் ஏறாத பழைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். அடமானம் இருக்கிறதா, அது தீர்ந்து ரசீது பதிவாகியிருக்கிறதா என்று கவனியுங்கள். மூலப்பத்திரத்தின் ஒரிஜினலைக் கண்ணால் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "அது பேங்க்ல இருக்கு, லாக்கர்ல இருக்கு" என்றால் எந்த பேங்க், ஏன் என்று கேளுங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? இறந்துபோன தாத்தா பெயரில் இருந்தால் வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வருகிறார்களா, அக்கா தங்கைகளும் சேர்த்தா? மனைக்கு அங்கீகாரம் இல்லையென்றால் பதிவிலேயே சிக்கல் வரும்.

நம் ஊருக்கென்று இன்னொன்றும் உண்டு. மதுரையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கண்மாய்தான். கோடையில் காய்ந்து கிடக்கும்போது கல் நட்டுக் காட்டினால் அழகான மனையாகத்தான் தெரியும். சர்வே நம்பரை வைத்து, கிராம நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கு என்று இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். பக்கத்தில் ஆடு மேய்க்கிறவரிடம் "தண்ணி எதுவரைக்கும் ஏறும்?" என்று கேட்டால் புரோக்கர் சொல்லாததை அவர் சொல்வார்.

விற்கிறவர் விசுவாசி, சேர்ந்து முழங்கால் போட்டு ஜெபித்தோம் என்பதால் இதில் எதையும் விட்டுவிடக் கூடாது. சபைக்குள் ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள். "சகோதரனைச் சந்தேகப்படுறதா?" என்று கேட்டால், வக்கீலிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஆலோசனை கேட்பதும் விசாரிப்பதில் சேர்ந்தது. உங்களுக்கு "வேண்டாம்" என்று சொல்லத் துணிகிற ஒருவராவது அதில் இருக்க வேண்டும். பாஸ்டரிடம் ஜெபத்துக்கும் வேத வெளிச்சத்துக்கும் போங்கள். பத்திரத்துக்கு வக்கீல், நெஞ்சு வலிக்கு டாக்டர். "கர்த்தர் எனக்குக் காட்டினார், நீ இதை வாங்கணும்" என்று யாராவது வந்து சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி பவுல் எழுதியிருக்கிறார். சொன்னவருக்கும் அந்த மனைக்கும் கமிஷன் சம்பந்தம் உண்டா என்று பார்ப்பதும் சோதித்துப் பார்ப்பதில் அடங்கும்.

அடையாளங்களைப் பற்றி

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் வைத்த வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுப்போம். எனக்கும் அது பிடிக்கும். வருஷம் முழுக்க வேதாகமத்துக்குள் வைத்திருப்பேன். ஆனால் அட்டையில் "உன் எல்லையை விஸ்தாரமாக்குவேன்" என்று வந்துவிட்டதால் பக்கத்து மனையையும் சேர்த்துக் கடனில் வாங்குவது வேறு விஷயம். எரேமியா 29:11 பல வீட்டுச் சுவரில் இருக்கிறது. அது எழுதப்பட்டது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு. எழுபது வருஷம் ஆகும், அதுவரை அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்று அதற்கு முந்தின வசனங்கள் சொல்கின்றன. சுற்றி இருப்பதையும் சேர்த்து வாசித்தால் வாக்குத்தத்தம் குறைந்துபோகாது, கனம் கூடும்.

கிதியோனின் தோலைப் பற்றியும் கேட்பார்கள். ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, அதில் மட்டும் பனி இறங்க வேண்டும் என்று கர்த்தரிடம் அடையாளம் கேட்டவர் அவர். கிதியோனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தோலைப் போடுவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. "நீர் சொன்னபடி" என்று அவரே ஒப்புக்கொண்டுதான் கேட்கிறார். அது பயந்த மனுஷனின் தயக்கம், கர்த்தர் பொறுத்துக்கொண்டார். நமக்குச் செய்முறையாக அதை எடுத்துக்கொள்வதற்கில்லை.

"கதவு திறந்திருக்கு" என்கிற பேச்சும் அப்படியே. கர்த்தர் நினிவேக்குப் போகச் சொல்லியும் யோனா தர்ஷீசுக்கு ஓடக் கிளம்பியபோது யோப்பாவில் கப்பல் தயாராக நின்றது, கையில் கட்டணமும் இருந்தது. அதைவிடத் திறந்த கதவு உண்டா? இன்னொரு பக்கம், துரோவாவில் ஊழியத்துக்குக் கதவு திறந்திருந்தும், உடன் ஊழியர் தீத்துவைக் காணாததால் மனசு நிலைகொள்ளாமல் பவுல் கிளம்பிப் போய்விட்டார். மனசில் சமாதானம் இருக்கிறதா என்பதையும் அளவுகோலாக்கிவிட முடியாது. புயலுக்கு நடுவே யோனா நன்றாகத் தூங்கினார். கெத்செமனேயில் இயேசுவுக்கோ வியர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாக விழுந்தது. கீழ்ப்படியாதவருக்குத் தூக்கமும் கீழ்ப்படிந்தவருக்கு வியாகுலமும் வந்திருக்கிறது. திறந்த கதவையும் மனசின் அமைதியையும் கவனியுங்கள், தீர்ப்பை அவற்றிடம் கொடுத்துவிடாதீர்கள்.

வீட்டில் மற்றவர்கள் இன்னும் நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்களாக இருந்தால் சங்கடம் வரும். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பதிவு என்றால் "பத்தரை பன்னெண்டு ராகு காலம்ப்பா" என்று அம்மா கலங்குவார்கள். என் யோசனை: நேரத்தில் ஒன்றும் இல்லை என்று நம்புகிற உங்களுக்கு, பத்து மணிக்குப் போவதிலும் ஒன்றும் இல்லை. அம்மாவுக்காகச் சீக்கிரம் கிளம்புங்கள், அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். அவர்கள் நம்பிக்கையைக் கேலி செய்யவும் வேண்டாம். பூஜையில் உட்கார், பரிகாரம் செய் என்று வந்தால் அங்கே மட்டும் பணிவாக, உறுதியாக நின்றுகொள்ளுங்கள். (நாள் உங்கள் கையில் இருந்தால் அஷ்டமி, நவமியில் போய்ப் பாருங்கள். முகூர்த்த நாளில் டோக்கனுக்கு அலைகிற சார்பதிவாளர் அலுவலகம் அன்றைக்கு ஓய்வாக இருக்கும்.)

தேதி வைத்து முடிவெடுங்கள்

விசாரித்தாயிற்று, கேட்டாயிற்று. இனி ஒரு தேதி குறியுங்கள். "ஜெபத்துல வச்சிருக்கோம்" என்று மாதக்கணக்கில் இழுத்தால் பதிலுக்குக் காத்திருக்கிற மாப்பிள்ளை வீடும் வேலை கொடுப்பவரும் தவித்துப்போவார்கள். "காற்றைக் கவனிக்கிறவன் விதைக்கமாட்டான், மேகங்களை நோக்குகிறவன் அறுக்கமாட்டான்" என்கிற பிரசங்கி, இரண்டு வசனம் தள்ளி, எது வாய்க்கும் என்று உனக்குத் தெரியாது, ஆகையால் காலையிலும் விதை, மாலையிலும் கையை நெகிழவிடாதே என்கிறார். தெரியாது என்பதே அவருக்கு விதைக்கக் காரணம்.

அந்த நாளில் குடும்பமாக உட்கார்ந்து ஜெபியுங்கள். நீளமான ஜெபம் தேவையில்லை. "ஆண்டவரே, எங்களுக்குத் தெரிந்தவரை பார்த்துவிட்டோம். தெரியாதது உம்மிடம் இருக்கிறது. தப்பு என்றால் தடுத்துவிடும். தடுக்காவிட்டால் இதைச் செய்கிறோம். என்ன வந்தாலும் எங்களோடு இரும்." அவ்வளவு போதும். யாக்கோபு 4:15 கற்றுத்தருவதும் இந்தத் தோரணையைத்தான்: "ஆண்டவருக்குச் சித்தமானால், நாங்களும் உயிரோடிருந்தால், இன்னின்னதைச் செய்வோம்." திட்டம் போடாதே என்று அவர் சொல்லவில்லை. "செய்வோம்" என்றே முடிக்கிறார். அப்புறம் செய்துவிடுங்கள்.

எடுத்த பிறகு

முடிவு எடுத்து நாலு மாதத்தில் ஏதாவது தப்பாகிப் போகும். கம்பெனியில் ஆள் குறைப்பார்கள், கட்டுகிற வீட்டுக்குக் கம்பி விலை ஏறும். உடனே "அப்ப அது தேவசித்தம் இல்லையோ" என்று மனசு குடையும். மக்கெதோனியாவுக்கு வா என்று தரிசனத்தில் கூப்பிட்டதால்தான் பவுலும் சீலாவும் பிலிப்பி பட்டணத்துக்குப் போனார்கள். போன இடத்தில் அடி, தொழுமரம், உட்காவல் அறை. தரிசனம் பொய்யாகவில்லை, அந்தச் சிறைக்காவலன் வீடே அந்த இரவில் ஞானஸ்நானம் பெற்றது. கஷ்டம் வந்ததை வைத்து எடுத்த முடிவு தப்பு என்றோ, சுகமாகப் போவதை வைத்துச் சரி என்றோ கணக்குப் போட முடியாது.

யாராவது உங்களுக்கு அநியாயம் செய்திருந்தால் அது அநியாயம்தான். யோசேப்பு, தன்னை விற்றுப்போட்ட அண்ணன்மாரிடம் "நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்" என்று நேராகச் சொல்லிவிட்டுத்தான், தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினதைப் பேசுகிறார். ஏமாற்றியவர்மேல் புகார் கொடுப்பது கர்த்தருடைய ஆளுகையை மறுப்பதாகாது. வீட்டில் அடிபடுகிற பெண்ணிடம் "சகிச்சுக்கோ, தேவசித்தம்" என்று சொல்வது எந்த விதத்திலும் வேதப் போதனை கிடையாது.

சாவு வீட்டில் இந்த உபதேசத்தை எடுக்காதீர்கள். புதிதாக ஒரு சத்தியம் பிடிபட்டால் எல்லா இடத்திலும் சொல்லத் தோன்றும். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் சரியாகத்தான் இருந்தார்கள். இழந்தவர் உங்களிடம் "ஏன்?" என்று கேட்டால் 13-ம் சங்கீதத்தை அவரோடு சேர்ந்து வாசியுங்கள்; அதில் தாவீதே "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

காரியம் நன்றாக முடிந்து, ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்திருக்கும்போதும் கொஞ்சம் நிதானம் வேண்டும். "கர்த்தர் இந்த மனையைத்தான் வாங்கச் சொன்னார்" என்று சொல்வதைவிட, "ஜெபித்தோம், பத்திரத்தை வக்கீலிடம் காட்டினோம், ஆடு மேய்க்கிற பெரியவரிடம் கேட்டோம், கையில் இருந்த பணத்துக்கு இது சரியாக இருந்தது, வாங்கினோம், கர்த்தர் கூட இருந்தார்" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். பின் வரிசையில் முதல்முறை வந்து உட்கார்ந்திருக்கிறவருக்கு அடுத்த வாரம் அதில் எதையாவது செய்து பார்க்க முடியும்.